மரகதத்துக்குப் பயம் வந்த நாள்

அன்பான விசுவாசிகளே, சாட்சி என்றால் வியாதி சுகமானது, வேலை கிடைத்தது, பிள்ளை பாஸ் பண்ணியது என்று முடிய வேண்டும். நம்முடைய ஜெபவீட்டில் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். என்னுடைய சாட்சி அப்படி முழுசான ஒன்று இல்லை. நான் கேட்டதில் பெரியதை ஆண்டவர் தரவில்லை. பிறகு கேட்ட ஒன்றைத் தந்தார். முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

என் பெயர் சாலமன். கொடகவெலவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். மனைவி மரகதம் மலையில் கொழுந்து எடுக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெனிட்டா. ஏ.எல். பரீட்சையில் நன்றாகப் பாஸ் பண்ணி, ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியல் கல்லூரிக்குத் தெரிவாகியிருந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு டீச்சர் வரப்போகிறாள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. லொறியை நிறுத்திவிட்டுக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. இங்கேயிருந்து இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டொக்டர்மாரையும் நர்ஸ்மாரையும் நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஓடி ஓடிப் பார்த்தார்கள். ஐசியுவில் வைத்திருந்தார்கள். நான் அதற்கு வெளியே முழங்கால் போட்டு ஜெபித்தேன். எனக்கு மெதுவாக ஜெபிக்க வராது, உங்களுக்கே தெரியும். வாசலில் நின்ற காவலாளி வந்து, "ஐயே, நோயாளிங்க இருக்காங்க, கொஞ்சம் மெதுவா" என்று சிங்களத்தில் கெஞ்சினான். நீங்களும் இங்கே உபவாசம் இருந்தீர்கள். ஜெனிட்டா போய்விட்டாள்.

அவளை அடக்கம் பண்ணிய அன்றைக்கு மரகதம் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. மலைக்குப் போவாள், தேயிலைச் செடிக்கு முன்னால் கை ஓடாமல் நிற்பாள். கங்காணி பாவம், திட்டாமல் விட்டுவிடுவார். வீட்டில் ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்திருப்பாள், வாய்க்குப் போகாது. ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டி வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில சகோதரிகள் "வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்லுங்க, பாரம் எறங்கும்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஆள் இல்லை. தேடிக்கொண்டு ஓடினேன். தோட்டத்துக்குக் கீழே மாணிக்கக்கல் தோண்டிக் கைவிட்ட குழிகள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் நிரம்பி, ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க என்ன செய்ற?"

"சும்மா வந்தேன்."

அவ்வளவுதான். கையைப் பிடித்தேன், எழுந்து வந்தாள். அன்றைக்கிருந்து அவளைத் தனியே விட எனக்கு மனசு வரவில்லை. லொறியில் என் பக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு போய் வந்த நாட்களும் உண்டு. தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் மரகதத்தின் தம்பி ஜேம்ஸ் கட்டாரிலிருந்து லீவில் வந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்துப்போனது. "மச்சான், இவங்கள இங்கயே வச்சிருந்தா சரிப்படாது. ரெண்டு நாளைக்குக் கடல் பக்கம் போய் வருவோம். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு வேனைப் பிடித்துவிட்டான். ஹிக்கடுவைக்குப் போனோம். மரகதம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கடல் பார்த்திருந்தாள். வேனிலிருந்து இறங்கி அதை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலையில் ஜேம்ஸ், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பார்க்கிறேன் என்று போனான். வெள்ளைக்காரர்கள்தான் அதிகம் போவார்கள். நீந்தத் தெரியாதவர்களையும் கரைக்குப் பக்கத்தில் ஆழமில்லாத இடத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்களாம். போய் வந்து மீன் பார்த்தேன், ஆமை பார்த்தேன் என்று குதித்தான். அப்போது மரகதம் சொன்னாள்.

"நானும் போறேன்."

மாதக்கணக்காக அவள் வாயிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. ஜேம்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கோ அந்த மாணிக்கக் குழியின் விளிம்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இவள் மீன் பார்க்கக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றால் வேறு எங்கே போவாளோ?

கூட்டிப் போகிறவர் ரஞ்சித் என்ற சிங்கள மனிதர். நாற்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மகள் போனதையும் சொன்னேன், குழியையும் சொன்னேன். "அப்ப கூட்டிப் போறது சரியில்ல ஐயே" என்றார். பிறகு மரகதத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிலிண்டருக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது ஒக்சிஜனா?" என்று என்னைக் கேட்டாள். "நம்ம புள்ளைக்கு வச்ச மாதிரி?"

ரஞ்சித்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியிருக்க வேண்டும். "இல்ல அக்கே, நாம இங்க இழுக்கிற சாதாரண காத்துதான். அடைச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று சிங்களத்தில் சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை. அவருக்கு என்ன தோன்றியதோ, "சரி, நீங்களும் வாங்க. அவங்க கையை நான் விட மாட்டேன். நீங்க அவங்க கண்ணுக்கு முன்னாலயே இருங்க" என்றார்.

எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியவன் இல்லை. ஞானஸ்நானத்தின்போது போதகர் ஐயா என்னைத் தூக்கி நிமிர்த்தப் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும்.

தண்ணீருக்குள் பேச முடியாது, கைச்சாடைதான் என்று ரஞ்சித் சொல்லித் தந்தார். விரலை வட்டமாகப் பிடித்தால் நல்லா இருக்கிறேன் என்று அர்த்தம். பெருவிரலை மேலே தூக்கினால் மேலே போக வேண்டும் என்று அர்த்தம். எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. லொறிக்காரனுக்குப் பெருவிரல் என்றால் சரி, ரைட், போகலாம். கரையோரத் தண்ணீரில் பழகும்போது அவர் நல்லா இருக்கிறீர்களா என்று சாடை கேட்பார், நான் பெருவிரலைத் தூக்குவேன், அவர் என்னை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். திரும்பத் திரும்ப இதே கதை. ஜேம்ஸ் கரையில் விழுந்து விழுந்து சிரித்தான். மரகதம் சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படி நேராகப் பார்த்தே வெகு நாளாகியிருந்தது.

பிறகு உள்ளே போனோம். ஒரு மூன்று ஆள் உயரம் இருக்கும். கீழே மணல், பக்கத்தில் பவளப்பாறை, அதைச் சுற்றி மஞ்சள் மீன்கள். எனக்கு என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஐசியுவுக்கு வெளியே கண்ணாடி வழியாகக் கேட்ட, ஜெனிட்டாவுக்கு வைத்த மூச்சு மெஷினின் சத்தமும் அதுதான். அங்கே மரகதம் எவ்வளவு நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. நான் கையைக் காலை உதறினேன். ரஞ்சித் ஒரு கையால் மரகதத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என் கண்ணாடியைச் சரி பண்ணப் பார்த்தார். முடியவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் கையை விட்டார். கலங்கல் வழியாக நான் பார்த்தேன். மரகதம் வாயிலிருந்த காற்றுக் குழாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவள் முகத்தைச் சுற்றிக் குமிழி இல்லை. சும்மா இருந்தாள்.

விசுவாசிகளே, நான் சத்தம் போட்டு ஜெபிக்கிறவன். மைக் இல்லாமலே கீழ் லயத்துக்குக் கேட்கும் என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். அங்கே எனக்கு வாய் இல்லை. முழங்கால் போடவும் முடியவில்லை. வசனம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "இவளையாவது" என்றேன். மனதுக்குள். அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

ரஞ்சித் திரும்பிவிட்டார். பாய்ந்து அவளைப் பிடித்துக் குழாயை அவள் வாய்ப்பக்கம் கொண்டு போனார். அவர் அதை அமுக்குவதற்கு முன்னால் அவளே இரண்டு கையாலும் பற்றி இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். குமிழி கொப்பளித்தது. பிறகு என்னைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கினாள்.

நான் மடையன், அப்போதும் எனக்கு விளங்கவில்லை. சரி, ரைட், என்னை இப்படியே விட்டுவிட்டுப் போங்கள் என்கிறாள் என்றே நினைத்தேன். அவள் அதை இன்னும் உயர்த்தித் தூக்கினாள். ரஞ்சித் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே கிளம்பியபோதுதான் புத்தியில் பட்டது. அவள் மேலே போக வேண்டும் என்கிறாள். மேலே வர வேண்டும் என்று மரகதம் தன் கையாலேயே கேட்கிறாள்.

கரையில் மணலில் கிடந்தாள். இருமினாள், கடல் தண்ணீரைத் துப்பினாள். ஜேம்ஸ் ஓடி வந்து "அக்கா, அக்கா" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளாகத்தான் சொன்னாள்.

"வேணும்னேதாங்க கழட்டினேன்."

"தெரியும்."

"கழட்டினதும் பயந்துட்டேங்க." பல் கிடுகிடுவென்று அடித்தது. "புள்ள போனதுக்குப் பெறகு எனக்கு எதுக்குமே பயம் வரல. பாம்பப் பாத்தாலும் வரல, அந்தக் குழிய எட்டிப் பாத்தப்பவும் வரல. இங்க பயந்துட்டேன். ஏன்னே தெரியல."

சொல்லிவிட்டு "ஜெனி" என்றாள். அடக்கத்துக்குப் பிறகு மகளின் பேரை அவள் வாயால் சொன்னது அப்போதுதான். பிறகு அழ ஆரம்பித்தாள். கடற்கரையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கும்படி அழுதாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் துவாயைக் கொண்டு வந்து போர்த்திவிட்டுப் போனாள். ரஞ்சித் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் கையை முத்தமிட்டேன். அவர் என்ன கடவுளை நம்புகிறாரோ எனக்குத் தெரியாது. என் ஆண்டவர் அவர் கையைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் மரகதத்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். குழியில் தொடங்கிக் கடல் வரைக்கும் டொக்டரிடம் மறைக்காமல் சொன்னோம். மாத்திரை சாப்பிடுகிறாள். அங்கே ஒரு கவுன்சிலர் மிஸ் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கிறார். இப்போது தினமும் அழுகிறாள். நானும் அழுகிறேன். சில நாள் சோறு வேகும், இரண்டு பேரும் சாப்பிடாமல் அப்படியே இருக்கும்.

இதை ஒரு சகோதரரிடம் சொன்னபோது, "பயம் தேவனுடையது இல்லையே, பயத்தை அல்லவா அவர் எடுத்துப்போடுகிறார்?" என்றார். நாமும் "பயப்படாதே" என்றுதான் பாடுகிறோம், பிரசங்கம் பண்ணுகிறோம். நான் படிக்காதவன், போதகர் ஐயா தப்பிருந்தால் திருத்தட்டும். ஆனால் என் மனைவியிடம் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அவளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. உயிர்மேல் ஆசை உள்ளவர்களுக்குத்தானே பயம் வரும்? அதைக் கடலுக்குள் வைத்து அவர் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார். அதற்காக நான் அவரைத் துதிக்கிறேன்.

போன கிழமை பெரிய மழை. இறக்குவானைப் பாதையில் மண் சரிந்திருக்கிறது என்று சொன்னார்கள். நான் லொறிச் சாவியை எடுத்தேன். மரகதம் வாசல் வரைக்கும் வந்து என் சட்டையைப் பிடித்தாள். "பாத்துப் போங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு லொறியில் ஏறினேன். அன்றைக்கு எல்லா வளைவிலும் மெதுவாக ஓட்டினேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவரை ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி நெருக்காதீர்கள். டொக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போங்கள், உங்களுக்குப் பழக்கமில்லாத இடமானாலும் போங்கள். அங்கே உங்களுக்கு ஜெபிக்க வாய் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். ஆண்டவருக்குச் சத்தம் தேவையில்லை, பாதி வார்த்தை போதும். இதை இத்தனை வருஷம் கத்திய நான் சொல்கிறேன். நம்பி அவரிடம் விட்டுவிடுங்கள்.

ஜெனிட்டாவை ஏன் தரவில்லை என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை. அதையும் அவரிடம்தான் கேட்கிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?