முனீஸ்வரி கேட்டு வாங்கிய மடிக்கணினி

எரியோடு பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற பொன்னுச்சாமியின் மகள் முனீஸ்வரிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் பி.ஏ. இரண்டாம் ஆண்டு வரலாற்றுத் தேர்வில் வந்த கோபம் அதைவிடப் பெரியது. அவள் சொல்லச் சொல்ல, கல்லூரி அனுப்பிய ஒரு பெண் விடைத்தாளில் எழுதினாள். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், "எழுதுனதைச் செத்த வாசிங்க" என்றாள் முனீஸ்வரி. அவள் சொன்ன பாளையக்காரர்கள் அத்தனை பேரும் தாளில் பாளையங்கோட்டைக்காரர்களாகி வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பக்கத்தையும் திருத்த நேரம் ஏது?

எம்.ஏ. சேர்ந்ததும் முதல் வேலையாகப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டாள். 'என் தேர்வை நானே கணினியில் தட்டச்சு செய்து எழுத வேண்டும்.' இரண்டு மனுவுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு அனுமதி வந்தது. கணினி அவளுடையதாக இருக்க வேண்டும், தேர்வறையில் இணையம் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். அவளிடமோ கணினியே இல்லை. கல்லூரி ஆய்வகத்துக் கணினியில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் அதுவரை பழகியிருந்தாள்.

உடன் படிக்கும் சார்லஸுக்கு விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் என்றால் பைத்தியம். "லினக்ஸ் போட்டுக்க. காசே கிடையாது, அதுவும் பேசும்" என்று தன் மடிக்கணினியை இரண்டு நாள் கொடுத்தான். முனீஸ்வரி அதில் தமிழில் பத்துப் பக்கம் தட்டிப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

"நல்லாத்தான் பேசுது சார்லஸ். ஆனா என் வெரலு மூணு வருசமா விண்டோஸ்லயே நடந்து பழகிருச்சு. பரீச்சைக்கு நாலு மாசந்தான் இருக்கு. எந்தக் கீ எங்கன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா, பதிலை எப்ப யோசிக்கிறது?"

சார்லஸ் மடிக்கணினியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் மகளும் நாகல் நகரில் ஆசாத்தின் கணினிக் கடைக்குப் போனார்கள். ஆசாத் நல்ல மனிதர்தான். ஆனால் பேச்செல்லாம் பொன்னுச்சாமியிடமே. "இதப் பாருங்கண்ணே, ஸ்கிரீன் கலரு சும்மா அள்ளும்."

"கலரை நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்றாள் முனீஸ்வரி. "கீபோர்டை என் பக்கம் திருப்புங்க."

விரல்கள் ஒவ்வொரு கட்டையாகத் தடவிப் போயின. மெல்லிசான புதுக் கணினிகளில் வலது ஓரத்து எண் கட்டைகளே இல்லை. வரி வரியாக, சொல் சொல்லாக, எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லி அவள் பழகியது அந்தக் கட்டைகளில்தான். ஆறு கணினிகளை வேண்டாமென்று ஒதுக்கினாள். பிறகு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள். வாசிக்கும் மென்பொருள் அதிலேயே இருந்தது. செருகியதும் கடை முழுக்கக் கடகடவென்று ஒரு சத்தம்.

"இது என்ன பாசைம்மா?" என்றார் ஆசாத்.

"தமிழுதாண்ணே. உங்களுக்கு இன்னும் வேகம் பழகல."

ஆசாத் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் பொன்னுச்சாமி பக்கம் திரும்பவே இல்லை. அவளிடமே கேட்டு, அவளிடமே பதில் சொன்னார்.

"ஸ்கிரீனை முழுசா அணைச்சிட்டா பேட்டரி எம்புட்டு நேரம் நிக்கும்?"

இருபது வருடக் கடையில் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அணைத்து ஓடவிட்டுப் பார்ப்போம் என்றார். சாயங்காலம்வரை உட்கார்ந்து சோதித்து, கடைசியில் அவள் எடுத்தது ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பழைய கணினி. எண் கட்டைகளோடு அகலமாக இருந்தது.

"அம்மிக்கல்லு மாதிரி கனக்குது. புதுசாவே வாங்குவோமே தாயி" என்றார் பொன்னுச்சாமி.

"புதுசு பழசு கண்ணுக்குத்தானப்பா. என் வெரலுக்கு இதுதான் சரியா இருக்கு."

நவம்பரில் தேர்வு. தனி அறையில் கண்காணிப்பாளர் கணினியைச் சோதித்து இணையத்தைத் துண்டித்தார். முனீஸ்வரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நடுவில் முக்கால் மணி நேரம் கரண்ட் போனது. கண்காணிப்பாளர் பதறி எழுந்தார். கறுத்துக் கிடந்த திரைக்கு முன்னால் அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தாள். முடித்தபின் முதல் வரியிலிருந்து வாசிக்கவிட்டுக் கேட்டு, பதினோரு இடங்களில் திருத்தினாள்.

"இதுல இருக்க தப்பெல்லாம் இனி என் தப்பு சார்" என்று சொல்லித்தான் கோப்பை ஒப்படைத்தாள்.

மதிப்பெண் அறுபத்தெட்டு. வகுப்பில் ஐந்தாவது. எழுபதைத் தாண்டவில்லையே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இப்போது வேடசந்தூர் வட்டாரத்துப் பழைய சந்தைகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். இந்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் கணினியில் தேர்வெழுத இன்னும் மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். மூவருமே முதல் மனுவிலேயே அனுமதி பெற்றார்கள்.