இழுவை ஜீப்பும் சிவப்பு நூலும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லியிருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பேரன், மகள் வயிற்றுப் பையன், ஒரு வண்டி வாங்கினான். பின்னால் டிரெய்லர் மாட்டித் துணி ரோல் இழுக்கிற வண்டி. அதற்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்று பொழுதுக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் கெட்டியாக இருக்க வேண்டும் என்கிறாராம், இன்னொருவர் இளக்கமாக இருந்தால் போதும் என்கிறாராம். "யாரை நம்பறதுன்னே தெரியலீங்க அம்மாயி" என்றான். யாரை நம்புவது என்ற பேச்சு காதில் விழுந்தாலே எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிடும்.

அப்பா கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் யாரையும் நம்பமாட்டார். கறக்கிறதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டும் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். நல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பனியன் துணி பின்னுகிற மெஷின்கள் ஓடின, பின்னால் நாங்கள் குடியிருந்தோம். வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சத்தம் உண்டு. சமையல்கட்டுக் கதவு முனகும். பொடக்காளி என்று நாங்கள் சொல்கிற கொல்லைப்பக்கத்துக் கதவு பூனைக்குட்டி மாதிரி கத்தும். மெஷின் நின்ற நேரத்தில் அப்பா படுத்த வாக்கிலேயே, "இந்நேரத்துக்குப் பொடக்காளிக்குப் போறது யாரு?" என்று கேட்பார்.

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது அவள் தம்பி ஒருவர்தான். குன்னத்தூரில் தனியாகக் கிடந்தவரை அம்மாதான் சொல்லிச் சொல்லி எங்களோடு வரவழைத்தாள். மாமன் வரும்போது ஒரு ஜீப்பும் வந்தது. ராணுவத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தது. பின்னால் ஒரு கொக்கியும் டிரெய்லரும். எங்கள் துணி ரோல்களைச் சலவைப் பட்டறைக்கு இழுத்துப் போவார். ரோட்டில் லாரி எதுவும் நின்றுபோனால் சங்கிலி போட்டு அதையும் இழுத்து வருவார்.

வம்பு எண்ணெயில் ஆரம்பித்தது.

பின்னுகிற மெஷினின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய் தண்ணீர் மாதிரி இருக்கும். துணியில் சொட்டினாலும் சலவையில் போய்விட வேண்டும். போகாவிட்டால் துணி மொத்தமும் திரும்பி வந்துவிடும். அதனால் அப்பா எந்த எண்ணெய் டின்னைத் திறந்தாலும் வெள்ளைக் கழிவுத் துணியில் ஒரு சொட்டு விட்டு, சோப்புப் போட்டுக் கசக்கிப் பார்ப்பார். கறை போனால் நல்ல எண்ணெய், போகாவிட்டால் கலப்படம். அவருக்கு எண்ணெய் என்றால் அவ்வளவுதான். ஒரு நாள் அந்தத் துணியோடு ஜீப்புக்கிட்டே போனார். எஞ்சினில் இருந்த அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். கன்னங்கரேலென்று ஒரு வட்டம். எவ்வளவு கசக்கியும் போகவில்லை.

"ஏன் மாப்ள, இது எண்ணெயா, தார் டின்னுல வழிச்சதா?"

"எஞ்சின்ல ஓடற எண்ணெய் கறுக்கத்தானுங்க செய்யும் மச்சான். உள்ள இருக்கற அழுக்கையெல்லாம் அது வாங்கிக்குதுங்க."

"அழுக்கை வாங்கறதுக்கு எண்ணெய் எதுக்கு? சோப்பை ஊத்து."

மாமன் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே அப்பா ஊசி எண்ணெய் வாங்குகிற கடையிலிருந்து, எஞ்சின் எண்ணெயிலேயே இளக்கமானதாக, தெளிந்த தேன் நிறத்தில் ஒரு டின் வாங்கி வந்தார். கழிவுத் துணியில் விட்டார். கசக்கினார். கறை போய்விட்டது.

"இது சும்மா ஓடற காருக்கு ஆகுமுங்க மச்சான்" என்றார் மாமன். "நம்முது இழுவை வண்டி. பாரத்தை இழுத்தா எஞ்சின் கொதிக்குமுங்க. கொதிச்சா இது தண்ணியாட்ட ஆயிப்போயி எங்கயும் ஒட்டாது. அப்பறம் இரும்போட இரும்பு ஒரசி, எஞ்சின் இறுகிப் போயிருமுங்க. இழுவைக்குக் கெட்டி எண்ணெய்தானுங்க வேணும்."

"நீ யாரோ கழிச்சு ஊத்துன எண்ணெயை வடிகட்டி ஊத்திப்போட்டு, எனக்குக் கெட்டி இளக்கம்னு கதை சொல்றயோ என்னமோ."

மாமன் முகம் சிறுத்துப்போனது. சமையல்கட்டுக் கதவு முனகியது.

"அங்க யாரு நிக்கறது?"

"நான்தானுங்க" என்றாள் அம்மா.

"நீயும் கேட்டுக்க. நான் வாங்குன எண்ணெயை ஊத்தி ஓட்டறதுன்னா உன்ற தம்பி இங்க இருக்கட்டும். இல்லீன்னா ஜீப்பை எடுத்துட்டுக் குன்னத்தூரு போயிரட்டும்."

அந்த எண்ணெயை ஊற்றி எஞ்சின் போனால், மாமன் வேண்டுமென்றே கெடுத்தார் என்று அப்பா சொல்லுவார். ஊற்றாவிட்டால் அன்றைக்கே போக வேண்டும். எப்படியும் அம்மாவுக்குத் தம்பி இல்லாமல் போய்விடும். அம்மா உள்ளே போனாள்.

அப்பா பார்த்துக்கொண்டிருக்கவே மாமன் பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினார். தான் வாங்கி வைத்திருந்த கெட்டி எண்ணெய் டின்னைத் திறக்காமலே ஒரு மூலையில் தள்ளினார். அப்போதும் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய்ச் சிவப்பு நூல் கொண்டுவந்தார். எண்ணெய் ஊற்றுகிற மூடியில் ஒரு நூல் கட்டினார். பிறகு ஜீப்புக்கு அடியில் படுத்து, எண்ணெய் இறக்குகிற போல்ட்டில் இன்னொன்று. மெஷினில் நூல் அறுந்தால் ஊசி தடுக்காமல் போவதற்காக ஒரு சின்ன முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சு. அதைத் தன்னைப்போல இத்தனை சின்னதாகப் போட நல்லூரிலேயே ஆள் கிடையாது என்று அப்பாவுக்கு ஒரு பெருமை. அவர் சாப்பிடப் போகிற நேரத்திலெல்லாம் அறுந்த நூலை இணைப்பது அம்மாதான் என்பது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ.

நூல் போதாதென்று என்னையும் காவல் வைத்தார். வாயில்லாத பிள்ளை நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். "கண்ணு, உங்க மாமன் டின்னைத் தூக்கிட்டு ஜீப்புக்கிட்டப் போனா என்கிட்ட வந்து சொல்லோணும்." எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது போலிருந்தது. மாமன் பீடி பற்ற வைத்தால்கூடப் பின்னாலேயே போய் நின்றேன்.

மறுநாள் காலையில் அடுப்படியில் அம்மா இரண்டு இரும்புக் கரண்டிகளை வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.

"தாளிக்கறீங்களாம்மா?"

"ஆமா கண்ணு. தள்ளி நில்லு, தெறிக்கும்."

கடுகு வாசம் வரவில்லை, பஸ் வாசம்தான் வந்தது. அம்மா ஒரு கரண்டியைச் சாய்த்தாள், உள்ளே இருந்தது தண்ணீராக ஓடிச் சாம்பலில் விழுந்தது. இன்னொன்றைச் சாய்த்தாள், அது நூல் மாதிரி மெதுவாக இறங்கியது. ஒரு துளியை விரல்களில் எடுத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தம்பி சொன்னதையும் அவள் அப்படியே நம்பிவிடவில்லை. அந்த வீட்டில் குடியிருந்தால் யாருக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொள்ளும்.

அன்று அப்பா மாமனையும் கூட்டிக்கொண்டு நூல் பார்க்கப் பஸ்ஸில் திருப்பூர் போனார். தன் கண் பார்வையிலேயே மாமன் இருக்கட்டும் என்ற எண்ணம். மத்தியானம் சோற்றுக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்விரல்களில் மெட்டி.

"அம்மா, அங்க என்னங்கம்மா பண்றீங்க?"

"கோழிக்குஞ்சு பூந்துக்கிச்சு கண்ணு. நீ போய்ச் சோறு போட்டுத் தின்னு."

நானும் குனிந்து பார்த்தேன். துணி நனைக்கிற பேசின் ஒன்று இருந்தது, குஞ்சைக் காணோம். கேட்டதற்கு, அது தாயோடு போய்விட்டது என்றாள். எழுந்து வந்து சேலையை உதறிவிட்டு எண்ணெய் மூடியில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். குஞ்சைத் தேடியதில் அறுந்துவிட்டதாம். முடிச்சு அப்பா போட்டது போலவே இருந்தது. அதைவிடச் சின்னதாகக்கூட இருந்தது. அப்புறம் சீயக்காய்த் தூளைப் போட்டு வெகுநேரம் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "மாமன் ஜீப்புக்கிட்டப் போனானா?"

"மாமன் உங்களோடதானுங்கப்பா வந்தாரு."

அவர் கேட்டது மாமனைப் பற்றி மட்டும்தான், நான் அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். அவர் குனிந்து இரண்டு நூலையும் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் தொட்டுப் பார்த்தார். நூலைப் பார்த்தாரே தவிர, எண்ணெயைப் பார்க்கவில்லை.

சித்திரை வெயிலில் அந்தச் சேதி வந்தது. எங்கள் நூல் மூட்டைகளோடு வந்த லாரி அவிநாசிபாளையத்தில் நின்றுபோய்விட்டது. நூல் வராவிட்டால் மெஷின்கள் நின்றுவிடும். அப்பாவும் மாமனும் ஜீப்பில் கிளம்பினார்கள். வேவு பார்க்க நானும் நடுவில் உட்கார்ந்தேன்.

"மச்சான், இந்த எண்ணெயில லாரியை இழுத்தா எஞ்சின் போயிருமுங்க. கடைசியாச் சொல்றனுங்க."

"போனாத் தெரியுமல்ல, எண்ணெய் மோசமா ஆள் மோசமான்னு."

சங்கிலி போட்டு இழுக்க ஆரம்பித்தோம். ஜீப் மூச்சு வாங்கியது. நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மாமன் ரோட்டைப் பார்த்ததைவிட முன்னால் இருந்த வட்டத்து முள்ளையே அதிகம் பார்த்தார். எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுகிற முள். அது கீழே சாய்ந்தால் கதை முடிந்தது என்று சொல்லியிருந்தார். ஒரு நீள மேடு ஏறி முடிந்ததும் புளியமரத்தடியில் நிறுத்தினார். முள் சாயவில்லை. அதை நம்ப முடியாதவராக இறங்கி, பானெட்டைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவினார். எண்ணெயை விரலில் தேய்த்தார். முகர்ந்தார். சிவப்பு நூலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏன் அம்முணி, அம்மா நல்லா இருக்கறாளா?"

காலையில் அம்மா கையால் சோறு தின்றுவிட்டு வந்தவர் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லாத்தானுங்க மாமா இருக்கறாங்க" என்றேன். மாமன் தலையைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

லாரியோடு நல்லூர் வந்து சேர்ந்ததும் அப்பா ஜீப்புக்கு அடியில் படுத்து எழுந்தார். சட்டையெல்லாம் மண். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நூல் அறுகல மாப்ள. நீ நாணயமான ஆளுதான். உனக்கு எண்ணெய்தான் தெரியல. பாத்தயா, கறை புடிக்காத எண்ணெய் எப்படி இழுத்துதுன்னு?"

"ஆமாங்க மச்சான்" என்றார் மாமன். "இழுவைக்கு இந்த எண்ணெய்தானுங்க."

அம்மா இருவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் மாமனைக் குன்னத்தூருக்குப் போகச் சொல்லி யாரும் பேசவில்லை. அப்பா சாகிற வரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இழுவை வண்டிக்கு இளக்கமான எண்ணெய்தான் என்று சாதித்தார். யாருடைய வண்டியாவது அதனால் கெட்டுப்போயிருந்தால் எங்களுக்குத் தெரியாது.

கல்யாணமாகிப் போன இடத்தில் ஒரு நாள் கதவு கத்துகிறது என்று கீலுக்கு எண்ணெய் விட்டேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த எண்ணெய் வம்புக்கு அப்புறம் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் ஒரு கதவும் கத்தவில்லை. சமையல்கட்டுக் கதவு முனகவில்லை. கிணற்று ராட்டினம்கூடச் சத்தமில்லாமல் சுற்றியது. அம்மா எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், நோம்பி, பண்டிகை வருகிறது, அம்மா வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறாள் என்பதுதான். அத்தனை சந்தேகப்படுகிற அப்பாவும், கதவெல்லாம் ஏன் ஊமையாகிவிட்டன என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கவில்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஜீப் எஞ்சின் எவ்வளவு எண்ணெய் பிடிக்கும் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். அப்படியே, ஒரு ஜீப்பிலிருந்து இறக்கின எண்ணெய் எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு ஒரு வருஷம் போதுமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.