ஒரு சிட்டிகை ஆற்று மணல்

இரும்பைக் கண்டாலே என் அண்ணனுக்கு ஆகாது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீஸ் கட்டை சுடுகிற எல்லோருக்கும் அப்படித்தான். கரண்ட் பெட்டியில் ஃபியூஸ் கம்பியைத் தாங்குகிற அந்த வெள்ளைக் கட்டையின் மண்ணில் குண்டூசி முனையளவு இரும்புத் தூள் இருந்தால் போதும், சுட்டு எடுக்கும்போது காபி நிறப் புள்ளியாக மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாங்க வருகிறவர் முகத்தைச் சுளிப்பார். அதனால் பொடி மண்ணைத் தட்டில் பரப்பி, உள்ளங்கை அகலக் காந்தத்தை ஒரு விரல் உயரத்தில் அதன்மேல் காட்டிக்கொண்டே போவார்கள். இரும்பு இருந்தால் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். அண்ணன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே திட்டுவார். வேறு யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை.

அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா இறந்தபோது யாராவது ஒருவர் சூளைக்குப் போக வேண்டியிருந்தது, அவர் போனார். நான் படித்தேன். பள்ளி, கல்லூரி, முதுகலை, அதற்கும் மேல் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று பேட்டையில் யாராவது கேட்டால் அண்ணன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "கரண்ட்டு கொஞ்சங்கூட வீணாவாம ஓடுற பொருள் இருக்குதுங்க. பாப்பா அதப் பத்திதான் படிக்குது." உண்மையில் அவ்வளவுதான். மீக்கடத்தி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். சாதாரணக் கம்பியில் மின்சாரம் முட்டி மோதிக்கொண்டு போகும், கம்பி சூடாகும். மீக்கடத்தியில் முட்டலும் இல்லை, சூடும் இல்லை. பக்கத்தில் காந்தம் வந்தால் அதன் விசையை உள்ளே விடாமல் தள்ளும், அந்தரத்தில் மிதக்கக்கூடச் செய்யும். ஒரே தொல்லை, இதெல்லாம் நடக்க உயிர் உறையும் குளிர் வேண்டும். சாதாரண அறையின் வெப்பத்தில் வேலை செய்கிற ஒன்றைத்தான் உலகமே தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் வெளிநாட்டில் சிலர், கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஈயம், கந்தகம், பாஸ்பரஸ், கொஞ்சம் செம்பு. அரைத்துச் சூளையில் சுட்டால் கல் கிடைக்கும், அந்தக் கல் காந்தத்தின்மேல் பாதி எழும்பி நிற்கும் என்று வீடியோவும் போட்டார்கள். அப்போது நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. உலகத்தில் உலை வைத்திருந்த அத்தனை பேரும் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். சிலர் வீட்டுச் சமையலறையிலேயே சுட்டார்கள்.

எனக்கு அது கூத்து இல்லை. ஆராய்ச்சியில் சேர்ந்து ஐந்தாவது வருடம், கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை. உதவித்தொகை நின்றுவிட்டது. என் நெறியாளர் அதற்கு முந்தைய மாதம்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், "வருஷக் கடைசிக்குள்ள ஒரு ரிசல்ட் காட்டும்மா. இல்லேன்னா அந்த இடத்த வேற ஒருத்தருக்குக் குடுக்கணும்." அந்த இடம் போனால் நான் யார்? அண்ணனின் பதினெட்டு வருடச் சூளைச் சூட்டைத் தின்றுவிட்டுச் சும்மா திரும்பி வந்தவள். அந்தப் பயம் எனக்குச் சோறு தண்ணி இறங்க விடவில்லை.

எங்கள் துறையின் உலைகளை மூத்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் பொடிகளை டப்பாக்களில் அடைத்து ரயிலேறி விருத்தாசலத்துக்கு வந்துவிட்டேன். உலகமே உலை தேடும்போது, உலைகளுக்கு நடுவில் பிறந்தவள் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்ற திமிர்.

அண்ணனிடம் மாதிரிக் கட்டைகள் சுட்டுப் பார்க்கும் சின்னக் கரண்ட் சூளை ஒன்று இருந்தது. முதல் சூட்டுக்குப் பொடியை மண் கிண்ணத்தில் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். ஈயம், புகை ஆகாது, கிட்டே நிற்காதே என்று சொல்லி ஒரு முகமூடி கொடுத்தேன். அதைக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு சூளை வாயிலேயே நின்றார். ஏற்கெனவே மண்தூசி இருமல் உள்ளவர். நான் முகமூடியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன்.

அடுக்குவதற்கு முன் கேட்டார். "பாப்பா, ஈயம் உருகுனா கிண்ணத்துல புடிச்சிக்கும். அடியில மணல் தூவட்டுமா?"

பேட்டையில் இது வழக்கம். சூளைக்குள் எது போனாலும், ஒட்டாமல் இருக்க அடியில் மணிமுத்தாற்று மணலைச் சலித்து ஒரு சிட்டிகை போடுவார்கள். கட்டையின் அடியில் ஒட்டிய மணலைப் பிறகு தட்டிவிட்டால் போயிற்று, அதில் இரும்பு இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. நான் அப்போது போனில் வேறு யார் யார் என்ன சுட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவர் ஒரு சிட்டிகை தூவினார்.

மறுநாள் கிண்ணத்தில் இருந்ததை அடியோடு சுரண்டி எடுத்து, செம்புச் சேர்மத்தோடு அரைத்தேன். அடியில் நறநறத்தது. கவனிக்கவில்லையா என்றால், கவனித்தேன். ஈயம் கட்டி தட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சென்னைக்குப் போய், காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாயில் அதை அடைத்து மூடிக்கொண்டு திரும்பி வந்து இரண்டாவது சூடு போட்டோம்.

குழாயை உடைத்தபோது கரிய கல் துண்டுகள் விழுந்தன. பட்டறை மேசையில் அண்ணனின் காந்தத்தை வைத்து ஒரு மெல்லிய சில்லை அதன்மேல் போட்டேன். சில்லின் ஒரு முனை மெதுவாக எழும்பியது. மறுமுனை மட்டும் காந்தத்தைத் தொட்டபடி, சாய்ந்து நின்றது. அந்த வீடியோவில் பார்த்தது போலவே இருந்தது. ஐயோ, நான் கத்திய கத்தலில் பக்கத்துப் பட்டறை ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அழுகையும் சிரிப்புமாக அண்ணன் கையைப் பிடித்துக் குதித்தேன்.

அவர் குனிந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "பாப்பா, காந்தத்த மேலருந்து காட்டிப் பாரேன். இரும்புன்னா தாவி ஒட்டிக்கும். நாங்க மண்ணுக்கு அப்பிடித்தான் பாப்போம்."

அத்தனை பேருக்கு முன்னால் நான் அவரைக் கேட்டேன். "நீ எத்தினியாவது படிச்ச?"

இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் முகம் மாறவில்லை. "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ சொல்லப் போனார். நான் வீடியோ எடுத்து நெறியாளருக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் காந்தத்தைத் தூக்கி மேலே பிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிடிக்கவில்லை. ஒட்டிக்கொள்ளுமோ என்ற சந்தேகம் உள்ளே இருந்ததால்தான் பிடிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

நெறியாளர் ஆய்வுக்கூடத்தின் பெயரில் வீடியோவை வெளியிட்டார். மூன்று நாள் ஒரே வாழ்த்து. பேட்டை முழுக்க அண்ணன் சொல்லிக்கொண்டு திரிந்தார், "எங்க சூளையில சுட்டதுங்க!" அவருக்கு இருந்த சந்தேகத்தை அவரே அழித்துவிட்டிருந்தார். பாப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான்காம் நாள் கல்லைச் சென்னைக்குக் கொண்டுபோனேன். ஆய்வுக்கூடத்தில் என்னைவிட இளையவள் ஒருத்தி, விளையாட்டாக, காந்தத்தைக் கல்லுக்கு மேலே பிடித்தாள். டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. பிறகு பொடி செய்து சோதித்தபோது இரும்பு என்று வந்தது, நம் ஆற்று மணலில் கிடக்கும் கறுப்புத் துகள்.

அதே நாட்களில் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களும் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. சாதாரணக் காந்தத்தன்மைதான் கல்லைச் சாய்த்து நிறுத்துகிறது, மின்தடை விழுவதுபோல் தெரிவது உள்ளே கலந்த செம்புக் கந்தகத்தின் வேலை, கலப்பில்லாமல் செய்த கல்லில் மின்சாரமே சரியாக ஓடவில்லை. அதாவது, அண்ணன் மணலே தூவாமல் இருந்திருந்தாலும் அந்தக் கல் எதற்கும் உதவியிருக்காது. இதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

நெறியாளர் வீடியோவை எடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, தவறு எப்படி நடந்தது என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார். "சூளைக்காரர் கையெழுத்தும் இருந்தா நல்லது. உன் மேல தப்பில்லேன்னு கமிட்டிக்குச் சொல்லலாம்." சூளைக்காரர் என் அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். கலப்படத்துக்குக் காரணம் சூளை இயக்குபவரின் கவனக்குறைவு, ஆய்வாளருக்குத் தெரியாமல் மணல் சேர்க்கப்பட்டுவிட்டது. வாக்கியம் கச்சிதமாக வந்திருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ச்சீ, நானும் ஒரு மனுஷி.

சனிக்கிழமை விருத்தாசலம் வந்து தாளை நீட்டினேன். அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"என்னா எழுதியிருக்குது?"

"சும்மாதான். கல்லு இங்க சுட்டதுன்னு."

"கல்லு சரியில்லன்னியே, அதுக்கப்புறமும் கேக்குறாங்களா?"

"அதான் வழக்கம்."

தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் போட்டார். பல்கலைக்கழகம் கேட்ட கையெழுத்து அல்லவா. பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, "எனக்கு ஒண்ணு ஜெராக்ஸ் போட்டுக் குடேன்" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது? கடைக்குப் போய் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பட்டறைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே, நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினார்.

என் இடம் தப்பியது. தலைப்பை மாற்றிக் கொடுத்தார்கள், உதவித்தொகையும் நீட்டித்தார்கள். ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும் வீட்டோடு திரும்பிவிடுவேன், பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சரக்கு எடுக்க வருகிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அண்ணன் அந்தத் தாளைக் காட்டுகிறார் என்று அண்ணி போனில் சொல்லிச் சிரிப்பார். "மெட்ராஸ் காலேஜிலேருந்து கையெழுத்து கேட்டாங்கன்னு ஒரே பெரும, போ." நான் வேறு பேச்சுக்குத் தாவுவேன்.

ஒன்றரை வருடம் கழித்து அண்ணன் புதுச் சூளை ஒன்று போட்டார். மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்திருக்கிறார். ஜெபம் முடிந்ததும் அண்ணன் அவரையும் சுவரண்டை அழைத்துப் போயிருக்கிறார். அதுவரை அந்தத் தாளை யாரும் பார்த்துவிட்டு நகர்ந்தார்களே தவிர, படிக்கவில்லை. இவர் படித்தார், அதுவும் சத்தமாக, வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே. நடுவில் நிறுத்திவிட்டாராம்.

"அப்புறம் என்னா போட்டிருக்குதுங்க ஃபாதர்?" என்று அண்ணன் கேட்டாராம். அவர் மழுப்பியிருக்கிறார். அண்ணன் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டார்.

அண்ணி இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "ஏன் பாப்பா அப்பிடி எழுதுன? அவருதான் முன்னாடியே சொன்னாராமே, மேலருந்து காட்டுன்னு." போனை வைத்துவிட்டேன்.

ஊருக்குப் போக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், காலில் விழுந்துவிடலாம் என்று ரயில் முழுக்க ஒத்திகை பார்த்தேன். பட்டறைக்குள் நுழைந்தபோது பகல் பதினொரு மணி. சுவரில் தாள் இல்லை. நாலு மூலை டேப்பும், நடுவே மண்தூசி படியாத வெள்ளைச் சதுரமும் இருந்தன.

"வா பாப்பா. சாப்ட்டியா?" என்றார் அண்ணன். வழக்கமான குரல்தான். உடம்பு பாதியாகியிருந்தது. பேச்சுக்கு நடுவே இருமல் வந்து, அது அடங்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அந்த லெட்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"இரு இரு" என்று கையமர்த்திவிட்டு, அலமாரியிலிருந்து மூடி போட்ட மண் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்தார். நான் விட்டுப்போன டப்பாவில் முதல் சூட்டுக்கான பொடி கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். கிண்ணத்துக்குள் மணல் போடாமல், இரும்பே இல்லாத வெள்ளை அலுமினாப் பொடியைத் தடவி, அதே சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்திருக்கிறார். ஈயப் புகை. முகமூடி போட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

மூடியைத் திறந்தார். உள்ளே சுட்ட வெள்ளைப் பொடி. காந்தத்தை எடுத்து, ஒரு விரல் உயரத்தில், மேலிருந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மெதுவாகக் காட்டினார். திருப்பி எனக்கு நீட்டினார். காந்தத்தில் ஒரு துகள்கூட இல்லை.

"உங்க சாருகிட்ட கொண்டுபோயி காட்டு பாப்பா" என்றார். "இந்தத் தடவ கவனமாத்தான் சுட்டேன்."