மூன்றாவது புள்ளி

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதில் நடுராத்திரி கிடையாது. சுடுகாடு கிடையாது. கொலுசுச் சத்தமும் கிடையாது. நடந்தது பட்டப்பகலில். அனுபவித்தவர் இன்றும் நல்லபடியாக வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார். பயத்தால் அல்ல, வெட்கத்தால். கதை கட்டுகிறவன் தன்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொள்ள மாட்டான். அதனாலேயே இதை நம்ப வேண்டியிருக்கிறது.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும் அதில் சேர்த்தி. கதவு இடுக்கில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே அழுகிறவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். லீவு நாளில் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவார். எந்தச் சந்தில் விட்டாலும் வழி சொல்வதால் நண்பர்கள் வைத்த பெயர் ‘ரூட்டு’. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. பேக்கரியில் கேக் மேல் க்ரீமில் பூப் போடுகிறவன். கை நடுங்காது, வாய் அதிகம் பேசாது. அவனும் புதிதாக ஒரு வண்டி வாங்கி, “மாமா, ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

போவதென்று முடிவானதும் ரூட்டு வண்டிக்கு ஒரு நேவிகேஷன் கருவி தேட ஆரம்பித்தார். போன் போதாதா என்றான் மச்சான். போதாது. வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும். மழைத்துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு மேப் எங்கேயோ ஓடிவிடும். டவர் இல்லாத மலையில் கையை விரித்துவிடும். இப்படி ஒரு பாடமே நடத்தினார். சாப்பிடும்போது விமர்சன வீடியோ, படுக்கும்போது விமர்சன வீடியோ. கடைக்குக் கையுறையைக் கொண்டுபோய், மாட்டிக்கொண்டு ஒவ்வொரு திரையாகத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு கருவியின் தலையில் ஊற்றியும்விட்டார். கடைக்காரப் பெண் பதறிப்போனாள்.

“என்னைக் கட்டிக்கும்போதுகூட நீங்க இவ்வளவு யோசிக்கலை” என்றாள் மனைவி.

கடைசியில் இரண்டு மாடல்களுக்கு நடுவில் இழுபறி. ஒன்றுக்குத் திரை பெரிது, வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்றின் திரை சிறியதுதான். ஆனால் அதில் ‘குழுப் பயணம்’ என்று ஒரு வசதி இருந்தது. டவர் தேவையில்லை. கருவிகள் தங்களுக்குள்ளேயே ரேடியோவில் பேசிக்கொள்ளும். கூட வருகிறவர் எங்கே இருக்கிறார் என்பது மேப்பில் ஒரு புள்ளியாகத் தெரியும். ஹெல்மெட் ஸ்பீக்கர் வழியாகப் பேசிக்கொள்ளவும் செய்யலாம். சிறிய திரையையே எடுத்தார். தனக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று.

“தம்பி பத்திரம்” என்றாள் மனைவி, கிளம்பும் காலையில்.

“அவன் எங்க இருந்தாலும் இதுல தெரிவான். யாரும் யாரையும் விட்டுட்டுப் போகவே முடியாது. அதுக்குத்தானே இதை வாங்கினேன்?”

இரண்டு பேரும் கிளம்பினார்கள். மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. கருவி சொன்ன இடத்தில் திருப்பம் வந்தது, சொன்ன இடத்தில் பெட்ரோல் பங்க் வந்தது. பங்க்கைத் தாண்டினால் மலைப்பாதை. மச்சான் உற்சாகத்தில் முன்னால் ஏறிப் போய்விட்டான். ரூட்டு ஓரமாக நிறுத்திக் கையுறையைச் சரி செய்துகொண்டிருந்தார். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது.

‘குழுவில் ஒருவர் சேர விரும்புகிறார்.’

மச்சானின் இணைப்புதான் விட்டுப்போய் மறுபடி கேட்கிறது என்று நினைத்தார். ‘சரி’ என்பதை அழுத்தினார்.

மேலே போகப் போகப் பனிமூட்டம் இறங்கியது. முகப்பு விளக்கைப் போட்டாலும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அவர் திரையைப் பார்த்தார். நடுவில் நீல அம்பு. அது அவர். மேலே, இரண்டு மூன்று வளைவு தள்ளி ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே ‘மாப்ள’ என்று எழுத்து, மச்சானை அவர் கூப்பிடும் பெயர். சரிதான்.

கீழே, அவருக்குப் பின்னால், இன்னொரு புள்ளி இருந்தது.

சாம்பல் நிறம். அதன் கீழே பெயர் இல்லை.

இதே கருவி வைத்திருக்கும் வேறு யாரோ என்று நினைத்தார். ரேடியோவில் கலந்திருக்கலாம். புதுச் சாமான், கோளாறு இல்லாமலா இருக்கும்? கண்ணாடியில் பார்த்தார். பின்னால் விளக்கு எதுவும் இல்லை. வண்டிச் சத்தமும் இல்லை.

அவர் நின்றார். புள்ளியும் நின்றது.

கிளம்பினார். அதுவும் கிளம்பியது.

எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். டப்... டப்... அவ்வளவுதான். திரையில் புள்ளி மட்டும் மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. ஐம்பது மீட்டர். இருபது மீட்டர். சாலையில் ஒருவரும் இல்லை.

புள்ளி அவர் அம்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி.

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஒரு நிமிடம் இருக்கும். பின்பக்கம் மெல்ல எழுந்தது. புள்ளி அவரைத் தாண்டி மேலே நகர்ந்தது. எந்த வண்டியும் அவரைத் தாண்டிப் போகவில்லை.

அப்போதுதான் ஸ்பீக்கரில் மச்சானின் குரல்.

“மாமா, பின் டயர் பஞ்சர். நான் நிக்கிறேன். வாங்க.”

“வரேன்... இரு.”

சொல்லிவிட்டார். ஆனால் வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை. சாம்பல் புள்ளி வளைவு வளைவாக ஏறிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. சாம்பல் அதை நெருங்கியது. ஒட்டி நின்றது.

‘மாப்ள, வண்டிக்குப் பக்கத்துல நிக்காதே’ என்று கத்தியிருக்கலாம். வாய் திறக்கவில்லை.

“மாமா?” என்றான் மச்சான். “அதுக்குள்ள வந்துட்டீங்களா?”

அவர் இன்னும் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.

ஸ்பீக்கரில் இன்னொரு குரல் கேட்டது. பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசும் குரல். மெதுவான, தைரியம் சொல்லும் குரல்.

“பயப்படாதே. நான் இங்கதான் இருக்கேன்.”

அது அவருடைய குரல்.

அவர் கருவியை அணைத்தார்.

வண்டியைத் திருப்பினார்.

கீழே... இறங்கினார்.

எப்படி இறங்கினார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. பங்க்கின் வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பங்க்கை ஒட்டி ஒரு சின்னக் கடை. கல்லாவில் இருந்த அம்மாள் அவர் நனைந்து நிற்பதைப் பார்த்து, கேட்காமலே ஒரு காபியை வைத்தாள்.

“மேலே செம பனியாச்சே. தனியாவா வந்தீங்க?”

பங்க்கில் ஒரு ஜீப் நின்றது. நான்கு ஆண்கள் இருந்தார்கள். ‘என் மச்சான் மேலே மாட்டிக்கிட்டான், வாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்திருப்பார்கள். ஆனால் ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பார்களே. என்ன சொல்வது? மேப்பில் ஒரு புள்ளியைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றா?

“ஆமாங்க” என்றார். “தனியாத்தான்.”

அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை அவர் தொண்டையில் நிற்கிறது.

காபி ஆறிப்போனது. அவர் எழுந்திருக்கவில்லை. பனி கலையட்டும், ஜீப் போகட்டும், இதோ இப்போது போகிறேன் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மலைப்பாதையிலிருந்து ஒரு முகப்பு விளக்கு இறங்கி வந்தது.

மச்சான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“எப்படி மாமா எனக்கு முன்னாடி வந்தீங்க? ‘நீ கீழ போ, நான் வரேன்’னு சொல்லிட்டு அங்கேயே நின்னீங்களே?”

கல்லாவில் இருந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“குறுக்கு வழி ஒண்ணு... மேப்ல இருந்துச்சு” என்றார் ரூட்டு.

“நீங்க மட்டும் டார்ச் பிடிக்கலைன்னா என்னால டயர்ல அந்த ஓட்டையைக் கண்டே பிடிச்சிருக்க முடியாது. ஆனா ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லையே, அவ்வளவு குளிரா?”

“ம்” என்றார்.

பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். வீட்டில் மச்சான் நடந்ததை எல்லாம் சொன்னான். பனி, பஞ்சர், மாமா வண்டியை வளைவுக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்தே ஏறி வந்தது, வேலை முடியும்வரை பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தது, எல்லாம். மனைவி அன்று அவருக்குத் தட்டில் பரிமாறும்போது அவர் தோளில் ஒரு நிமிடம் கையை வைத்தாள். அவ்வளவுதான். அவருக்கு அந்தக் கை சுட்டது. மாமியார் போன் செய்து அழுதாள். “உங்க கையில ஒப்படைச்சா எனக்குக் கவலையே இல்லைங்க” என்றாள். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே “இருக்கட்டும் அத்தை” என்றார்.

அதற்குப் பிறகு வேலையிலும் ஒரு மாற்றம். லிஃப்ட் கதவு இடுக்கில் வாயை வைத்தால் அந்த வழக்கமான வார்த்தை வரவில்லை. “திறந்துடுவோம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். தன் குரலைக் கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கருவியைக் கழற்றி ஒரு பழைய சாக்ஸுக்குள் சுற்றி அலமாரியில் போட்டார். வண்டிக்கு உறை போட்டு மூடினார். நண்பர்கள் கூப்பிட்டால் முதுகு வலி என்றார்.

மச்சான்தான் விடவில்லை. “அடுத்த மாசம் மறுபடி போகலாம் மாமா. நீங்க கூட இருந்தா எனக்குப் பயமே இல்லை” என்றான். அதைக் கேட்ட இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் பேக்கரிக்குப் போனார். பின்கட்டில் மச்சான் ஒரு பெரிய கேக்கைச் சுற்றி க்ரீமில் ரோஜாக்கள் போட்டுக்கொண்டிருந்தான். அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது. ரூட்டு கதவை ஒட்டியே நின்றார். உள்ளே போகவில்லை.

“மாப்ள, நான் அன்னைக்கு மேலே வரவே இல்லை.”

மச்சான் நிமிர்ந்தான்.

“பயந்துட்டேன். உன்னை விட்டுட்டு இறங்கி ஓடிட்டேன். பங்க்ல கேட்டப்ப தனியா வந்தேன்னு சொன்னேன். உன் அக்கா முன்னாடி, உங்க அம்மா முன்னாடி, நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன். நான் மனுஷனே இல்லைடா.”

திட்டுவான் என்று எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தார்.

மச்சான் திட்டவில்லை. க்ரீம் பையை மெதுவாக மேஜை மேல் வைத்தான். ஒருநாளும் நடுங்காத அந்தக் கை நடுங்கியது.

“உங்க ஜாக்கெட், மாமா. உங்க குரல்.”

“நான் இல்லை.”

அவன் விரல்களில் ஒட்டியிருந்த க்ரீமைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

“டயரைக் கழட்டும்போது நான் ஒண்ணு கேட்டேன்” என்றான். “‘கீழ பங்க்லேர்ந்து மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டு வரலாமா’ன்னு. நீங்க... அது பதில் சொல்லுச்சு. கீழே ரோட்டைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு.”

“என்னன்னு?”

“‘அவன் வரமாட்டான்’னு.”

ரூட்டு கதவைப் பிடித்துக்கொண்டார்.

“மெக்கானிக்கைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன், மாமா. அப்புறம் இன்னொண்ணும் சொன்னீங்க. அது ஏதோ உங்க பழைய கதைன்னு நான் தோண்டிக் கேக்கலை...”

“என்ன சொல்லுச்சு?”

“‘என்னோட வந்தவனும் இப்படித்தான், வரேன் இருன்னு சொன்னான். நான் இன்னும் இங்கேயே இருக்கேன்’னு.”