கடைசிப் படம்

சுமலதா அங்கன்வாடி டீச்சர். புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டி, கம்பெனி பஸ்கள் திரும்புகிற சாலையோரம் அவளுடைய மையம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் படம் வரைந்து, வரிசையாக அடுக்கவைத்து, பிள்ளைகளைக் கதை சொல்லவைப்பதில் கெட்டிக்காரி. கன்றுக்குட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடும், வயலில் மேயும், மழையில் நனையும், கடைசியில் தாயிடம் வந்து சேரும். "மொதல்ல இன்னா? அப்பறம் இன்னா? நடுவுல எதையும் முழுங்கக் கூடாது" என்பாள். சரியாகச் சொன்னால் முதலில் டீச்சர் கை தட்டுவாள், பிறகு எல்லோரும் தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிள்ளைகள் தங்கள் பேருக்குச் சொத்தையே எழுதிவைத்த மாதிரி நெளிவார்கள்.

மாசி மாதம் அவள் புருஷன் தணிகைவேல் போய்ச் சேர்ந்தான். தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை. காலை ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சுமலதா அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அதுவே பெரிய குறை. "அழுதுடு, மனசுல வச்சிக்கினு இருக்காத" என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திறந்ததும் கொட்ட அது என்ன குழாயா? காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். சோறு போட்டாள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பது போலத்தான் இருந்தது.

மகள் தேவதர்ஷினியும் அதே மையத்தில்தான். வீட்டில் அம்மா, இங்கே டீச்சர். அதில் பிள்ளை படு கண்டிப்பு. அன்றைக்குத் தணிகைவேலைத் தூக்கியபோது, "நைனாவ எங்க இட்டுனு போறாங்க?" என்று அவள் கேட்டாள். மையத்து ஆயா பச்சையம்மா இரக்கப்பட்டு, "ஷிப்டுக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டாள். இந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பொய்யா அது? ஷிப்டுக்குப் போனவர் பஸ்ஸில் திரும்பி வருவார் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மத்தியானம் ஷிப்டு பஸ் ஹாரன் அடித்தால் தேவதர்ஷினி கேட்டுக்கு ஓடுவாள். சுமலதா அவளைத் தடுக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் பிள்ளைகளுக்குக் கன்றுக்குட்டி அலுத்துப்போனது. "சரி, படம் வேணாம். உங்க ஊட்ல நடந்தத சொல்லுங்க" என்றாள் சுமலதா, ஏதோ ஞாபகத்தில். முதல் ஆளாக எழுந்தது தேவதர்ஷினி.

"மொதல்ல நைனா ஷிப்டுக்கு போனாரு. அப்பறம் கண்ணாடிப் பொட்டில பட்த்துனு இருந்தாரு. அப்பறம் எல்லாரும் மாலை போட்டாங்க. அப்பறம் தூக்கினு போனாங்க. கடைசில பஸ்ஸுல வருவாரு."

"தப்பு டீச்சர்" என்றான் பக்கத்திலிருந்த அருண்பாண்டியன். "எங்க தாத்தாகூட கண்ணாடிப் பொட்டில இருந்தாரு. தூக்கினு போனாங்க. வரவே இல்ல."

பச்சையம்மா அடுப்படியிலிருந்து பதறிக்கொண்டு வந்தாள். "டேய், வாய மூட்றா!"

தேவதர்ஷினி இரண்டு பேரையும் சட்டை செய்யவில்லை. "டீச்சர், சரியா, தப்பா?"

எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை பதில் சொன்ன கேள்விதான். சுமலதா மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தப்பு" என்றாள். "கடைசி மட்டும் தப்பு. நைனா செத்துட்டாரு கண்ணு. இனிமே வர மாட்டாரு."

பிள்ளை பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றது. "அப்ப மறுபடி மொதல்லேர்ந்து சொல்றேன்."

சொன்னாள். ஷிப்டு, கண்ணாடிப் பெட்டி, மாலை, தூக்கிக்கொண்டு போனது. நடுவில் எதையும் விழுங்கவில்லை. "கடைசில நைனா செத்துட்டாரு. இனிமே வர மாட்டாரு." முடித்துவிட்டு டீச்சரின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரியாகத்தான் சொல்லியிருந்தாள். சுமலதா கை தட்டினாள். பிள்ளைகளும் தட்டினார்கள். பச்சையம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் ஹாரன் சத்தம் கேட்டது. தேவதர்ஷினி நிமிரவில்லை; கன்றுக்குட்டிப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து கேட்டுக்கு ஓடியது சுமலதா. தான் ஏன் ஓடுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. பஸ் நின்றது. யாரோ இறங்கினார்கள். பஸ் போய்விட்டது.

"பாவி மனுசா, நெஜமாவே வர மாட்டியா?" என்று கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுமலதா வாய்விட்டு அழுதாள்.