எழுதாத அனுமதிக் கடிதத்துடன் வேளிமலைக்கு

வெள்ளிக்கிழமை, காலை 6.10. விருதுநகர் பேருந்து நிலையத்திலிருந்து நாகர்கோவில் வண்டி புறப்பட்டபோது என் பையில் இரண்டு புடவை, ஒரு துண்டு, ஒரு கிலோ சாத்தூர் காராச்சேவு, நான்கு வெள்ளைத் தாள் இருந்தன. தாள் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு ஆகாது.

என் ஒரே மகன் கார்த்தி. இருபத்தேழு வயது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பத்து நாள் தியானம் என்று இலங்கைக்குப் போனவன், எட்டு மாதமாகக் கண்டிக்கு மேலே ஒரு காட்டு மடத்தில் வெள்ளை வேட்டியோடு இருக்கிறான். இப்போது காவி உடுத்திப் பிக்கு ஆக வேண்டுமாம். அதற்கு ஒரு விதி இருக்கிறது. பெற்றவர்கள் அனுமதிக்க வேண்டும். பிக்குகள் சபையில் வைத்தே கேட்பார்களாம், தாய் தகப்பன் சம்மதம் உண்டா என்று. அவன் அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது நான். என் கைப்பட ஒரு கடிதம் வேண்டும்.

"மாட்டேன்னு சொன்னாலும் சரிம்மா. ஆனா அது என்னன்னு ஒரு தடவை உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க," என்றான் போனில். தக்கலைப் பக்கம் புதியவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடப்பதை அவனே விசாரித்துச் சொன்னான். சரி, அந்த வித்தை என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். உள்ளதைச் சொன்னால், அதில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் கிளம்பினேன்.

கடிதம் எனக்குப் புதிதல்ல. முப்பத்தொரு வருஷம் ஒரு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆசிரியர்களின் விடுப்பு, பிள்ளைகளின் நீண்ட விடுப்பு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். என்றைக்கு முதல் என்றைக்கு வரை என்று இல்லாத கடிதத்தை நான் வாங்கியதே கிடையாது. தலைமையாசிரியரே கொடுத்தாலும், "முடியிற தேதி போட்டுக் குடுங்க சார்" என்று திருப்பி நீட்டிவிடுவேன். கார்த்தியும் அந்தப் பள்ளிதான். ஏழாம் வகுப்பில் என் கையெழுத்தைத் தானே போட்டு ஒரு விடுப்புக் கடிதம் கொடுத்தான். கையெழுத்து அச்சு அசலாக இருந்தது, தேதியும் முறையாக இருந்தது. அன்று வாங்கிய அடியை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். இந்தக் கடிதத்துக்கும் அப்படி ஒரு கையெழுத்தைப் போட்டுக்கொண்டால் என்ன, என்னை ஏன் கேட்கிறான் என்று கயத்தாறு தாண்டும்வரை மனத்துக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

காலை 9.40. ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆனி மாதக் காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. காற்றாலைகள் எல்லாம் ஒரே மூச்சில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் வெயில் அந்த இடத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் வாழை, தென்னை, வயல், மேகம் ஒட்டிய மலை.

10.25க்கு நாகர்கோவில் வடசேரி நிலையம். அங்கிருந்து தக்கலைக்குப் பதினாறு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி கிடைத்தது. தக்கலையில் இறங்கி ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினேன், அறுபது ரூபாய். விரல் நீளம்தான் இருக்கும், வாயில் வைத்தால் கரைகிறது. ஆட்டோக்காரர் நான்கு கிலோமீட்டருக்கு நூற்றிருபது கேட்டார். குமாரகோயிலுக்கா என்றார். தியான வகுப்புக்கு என்றதும் வண்டியை முடுக்கினார்.

"நர்ஸ் சிஸ்டருக்க வீடா? மணி பதினொண்ணரை ஆவுதுல்லா. பன்னெண்டு மணி தாண்டிச்சுன்னா அங்க சோறு கெடையாது, கேட்டியளா."

சோறு கிடைத்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மரச்சீனி என்று அங்கே சொல்கிற மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் பாசிப்பயறும் அள்ளி அள்ளித் தின்றேன். அதற்குப் பிறகு, பிக்குகளின் விதிப்படி, மறுநாள் காலை வரை வெறும் கட்டன்சாயாதான், பாலில்லாத தேநீர். காராச்சேவுப் பொட்டலத்தைப் பையிலேயே விட்டுவிட்டேன். அது இரவு முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.

வீடு வேளிமலை அடிவாரத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. ரப்பர் ஷீட் உலர்த்திய கொட்டகையைக் கழுவி வெள்ளையடித்துத் தியானக் கூடமாக்கியிருக்கிறார்கள். புகைவாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மஸ்கட்டில் இருபது வருஷம் நர்ஸ். கூட வேலை பார்த்த இலங்கைப் பெண்களிடம் தியானம் கற்று, பிறகு அங்கேயே போய் மாதக்கணக்கில் தங்கிப் பயின்றவர். குரு என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்கிறார். எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள்.

மாலை 4.00. புதியவர்கள் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஞாயிறு காலை வரை மௌனம். தேங்காய்ப்பட்டணத்து ஷாகுல் பாய் முதலில் பேசினார். வளைகுடாவில் இருபத்தாறு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர். ஊர் வந்து நான்கு வருஷமாகியும் உறக்கம் வரவில்லை, மனசை அடக்கினால் வருமா என்றார். அவருக்கு அடுத்து குளச்சல் பக்கத்துக் கடலோர ஊர்ப் பெண், பிளாரன்ஸ். நாற்பது வயது இருக்கும். எதற்கு வந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

என் முறை வந்தது. பிரஷர் இருக்கிறது, டாக்டர் மன அமைதி வேண்டும் என்றார் என்று சொன்னேன். பொய்தான். மகனைப் பற்றி வாயெடுத்தால் அந்த இடத்திலேயே உடைந்துவிடுவேன் என்று பயம். சிஸ்டர் என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

சனிக்கிழமை, காலை 5.00. மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கவனித்தேன். மூச்சு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். முழங்கால் வலியில் கண்ணீர் வந்தது. ஷாகுல் பாய் பத்தாவது நிமிஷம் குறட்டை விட்டார். நான்கு வருஷமாக வராத உறக்கம்! எழுப்ப வேண்டாம் என்று சிஸ்டர் சைகை காட்டினார். கார்த்தி தினமும் நான்கு மணிக்கு எழுந்து இப்படித்தான் உட்காருகிறானா என்று நினைத்தேன். பள்ளிக்கூட நாளில் ஏழரைக்குத் தண்ணீர் தெளித்தல்லவா எழுப்புவேன்.

காலை 9.00. மைத்திரி தியானம். அதாவது ஒவ்வொருவராக மனத்தில் கொண்டுவந்து, நலமாக இருக்கட்டும், துன்பமின்றி இருக்கட்டும் என்று வாழ்த்துவது. முதலில் நமக்கு நாமே, அடுத்து நமக்கு நல்லது செய்த ஒருவர், பிறகு பிரியமானவர், பிறகு பழக்கமில்லாதவர், கடைசியில் ஆகாதவர். சிஸ்டர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். முதல் வரி முடிந்ததும் பிளாரன்ஸ் பழக்கத்தில் "ஆமென்" என்றாள். ஷாகுல் பாய் "ஆமீன்" என்றார். மூன்றாம் வரிக்கு என் வாயும் ஆமென் என்று முணுமுணுத்ததை நானே கேட்டேன். சிஸ்டர் தடுக்கவில்லை. வரிக்கு வரி கொஞ்சம் இடம் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

பிரியமானவர் முறை வந்தபோது, இறந்தவரை மனத்தில் வைக்க வேண்டாம், உயிரோடு இருப்பவரை வையுங்கள், அதுதான் முறை என்றார். பிளாரன்ஸ் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"சிஸ்டர், எனக்க ஆளு கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வரல்ல. உயிரோட இருக்காவளா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அவியள வைக்கலாமா?"

சிஸ்டர் சும்மா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் சமாளிக்கவில்லை.

"எனக்குத் தெரியாது பிளாரன்ஸ். நான் படிச்சதுல இதுக்குப் பதில் இல்ல. வச்சுப் பாருங்க. தாங்க முடியல்லன்னா கண்ணத் திறந்துக்கிடுங்க."

அவள் வைத்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

நான் கார்த்தியை வைத்தேன். நலமாக இரு, நலமாக இரு என்று சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தால், வந்துவிடு, வந்துவிடு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு திருத்தினாலும் அதுதான் வந்தது. பெத்த மனம் பித்து என்று சொல்லிவைத்தவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்லிவிட்டுப் போய்விட்டார், மருந்து சொன்னாரா?

பகல் 12.30. சாப்பிட்டு முடித்ததும் தட்டு கழுவும் முறை எனக்கும் பிளாரன்ஸுக்கும். தண்ணீர்க் குழாயடியில் மௌனத்தை அவள்தான் முறித்தாள். பிரஷர் என்று சொன்னது பொய்தானே அக்கா என்றாள். எப்படித் தெரியும் என்றேன். பிரஷர்காரிகள் இத்தனை மிளகாய்த் துவையல் தின்ன மாட்டார்கள் என்றாள். சிரித்துவிட்டேன், சிரித்த வேகத்திலேயே அழுதும்விட்டேன். கடிதத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். மாட்டேன் என்று எழுதத்தான் தோன்றுகிறது என்றேன்.

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சொன்னாள்:

"அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை. போயிட்டு வாறேன்னு அவிய வாசல்ல நின்னு சொன்னாவ. நான் செவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தேன், ஒரு வார்த்த பறயல்ல. நீங்க எழுதுங்கன்னும் சொல்ல மாட்டேன், எழுதாண்டாம்னும் சொல்ல மாட்டேன் அக்கா. ஒங்க பிள்ள வாசல்ல நின்னு கேக்குதான். அத மட்டும்தான் சொல்லுதேன்."

ரப்பர் மரங்களுக்கிடையே சாரல் இறங்க ஆரம்பித்தது.

மாலை 5.00. தனியாகக் கேள்வி கேட்கும் நேரம். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். அனுமதி தரமாட்டேன் என்று எழுதினால் என்ன ஆகும்? காவி கொடுக்க மாட்டார்கள் என்றார் சிஸ்டர். கொஞ்ச நாள் இருந்து பார்ப்பான், பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுவான் என்றார். நிச்சயமாகவா என்றேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே வெட்கமாக இருந்தது.

"எனக்கும் காவி கட்ட ஆசைதான். எனக்க அம்மை மாட்டேன்னா. திரும்பி வந்துட்டேன். போன வருசம் அவ போற வரைக்கும் நான்தான் பாத்தேன்," என்றார்.

அம்மாமேல் கோபமா என்று கேட்டேன். முதலில் இருந்தது, அப்புறம் அவளைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அது கரைந்துவிட்டது என்றார். அம்மா செய்தது சரியா என்று விடாமல் கேட்டேன். நான் ஓட்டை தேடி வந்தவள் அல்லவா. அம்மை கடைசி மாதத்தில் தினமும் ஒரே கேள்வி கேட்டாளாம், உன்னைக் கெடுத்துவிட்டேனா என்று. இல்லை என்று தினமும் சொன்னாராம். அவள் ஒரு நாளும் நம்பவில்லையாம்.

ஆக, மாட்டேன் என்று ஒரு வரி எழுதினால் என் பிள்ளை எனக்குக் கிடைப்பான். எனக்கு முடியாதபோது என்னைக் குளிப்பாட்டுவான். அந்த ராத்திரி பாயில் புரண்டுகொண்டு அந்த ஒரு வரியை எத்தனையோ முறை மனத்துக்குள் எழுதினேன். எவ்வளவு வேண்டியிருந்தது அது எனக்கு! அவன் வேண்டும். வீட்டுக்குள் அவன் செருப்புச் சத்தம் வேண்டும். இதை மறைத்துச் சொல்ல நான் என்ன முனிவரா.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.30. காலை உணவுக்குப் புட்டும் பயறும். கூடவே என் காராச்சேவு. மௌனம் முடிந்துவிட்டது. ஷாகுல் பாய் இரண்டு நாளில் பதினான்கு மணி நேரம் உறங்கியதாகக் கணக்குச் சொன்னார், பாதி கூடத்தில். பிளாரன்ஸ் அடுத்த மாதமும் வருவதாகச் சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகவரி கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிற்பகல் 2.15. வடசேரி பேருந்து நிலையம். கன்னியாகுமரி பத்தொன்பது கிலோமீட்டர்தான், முக்கடலையும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னார். அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்தான் கார்த்தி இருக்கிறான், இந்தப் பக்கம்தான் பிளாரன்ஸின் புருஷனைக் காணோம். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. விருதுநகர் வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்தேன்.

முதல் இரண்டு தாள் வீணாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மாதிரிக் கடிதம்தான். மூன்றாவது தாளில் அப்படியே எழுதினேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, என் மகன் கார்த்திகேயன் பிக்குவாக இருக்க என் முழுச் சம்மதத்துடன் அனுமதி அளிக்கிறேன். அவனுக்கு மழைக்காலத்தில் சளி பிடிக்கும். இடது காதில் தண்ணீர் போகக் கூடாது. பசித்தால் வாய் திறந்து கேட்க மாட்டான், தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

அதற்குக் கீழே கை தானாக அடுத்த வரியை எழுதியது. "இன்று முதல்" என்று எழுதித் தேதி போட்டேன். அடுத்து வர வேண்டிய தேதிக்குக் கொஞ்சம் இடம் விட்டு, "வரை" என்று எழுதினேன். முப்பத்தொரு வருஷம் எத்தனை பேரிடம் திருப்பி நீட்டியிருப்பேன் இப்படிப்பட்ட கடிதத்தை. அந்த இடத்தை அடிக்கவும் மனம் வரவில்லை, நிரப்பவும் தெரியவில்லை.

கீழே என் கையெழுத்தைப் போட்டு, போனில் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். வண்டி வந்தது, ஏறிக்கொண்டேன். ஆரல்வாய்மொழியில் காற்று அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டும்போது அவனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"முடியிற தேதி போடலியேம்மா."

நீயே போட்டுக்கொள் என்று பதில் அனுப்பினேன். என் கையெழுத்தே போடத் தெரிந்தவன்தானே.