கரட்டில் எடுத்த வானம்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மேல்பகுதி முழுவதும் ஒரே புள்ளியைச் சுற்றிப் போட்ட கறுப்பு வளைகோடுகள். கீழே, மைக்கூட்டில் விழுந்து எழுந்த எறும்பு நடந்ததுபோல் ஒரு கோணல் கோடு. ஓரத்தில் தாலுகா ஆபீஸ் கோப்பு எண். எக்ஸ்ரே என்று நினைத்த என் மருமகள், எந்த உறுப்பு என்று கவலையோடு கேட்டாள். வானம் என்றேன். அவள் கவலை கூடியது.

இந்தப் போட்டோவை எடுத்தவர் யுத்த காலத்தில் நாமக்கல்லில் இருந்த மாட்டு டாக்டர். அவருடைய சுற்றுப்பயண டைரியைச் சரிபார்க்கும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நான். பள்ளிபாளையத்தில் காவிரி மேல் படம் எடுக்கத் தோதாக மேகம் கட்டினால், டைரிப்படி அங்கே எருமைக்கு வயிறு உப்பும். மேச்சேரிப் பக்கம் பனங்காட்டில் நல்ல அந்தி விழுந்தால் அங்கே ஆடுகளைப் பார்த்து வரவேண்டியிருக்கும். அது எங்கள் தாலுகா அல்ல என்று நான் ஓரக்குறிப்பு எழுதுவேன். ‘ஆடுகளுக்குத் தாலுகா தெரியாது’ என்று அதன் கீழே அவர் எழுதுவார். சைக்கிளின் பின்னால் மருந்துப் பெட்டி, முன்னால் காமிரா. மருந்துப் பெட்டிக்குத்தான் கயிறு தளர்வாக இருக்கும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. துருவ நட்சத்திரத்தைச் சுற்றி மற்ற நட்சத்திரங்கள் நகர்வதை ஒரே தகட்டில் பிடிக்க வேண்டும். யுத்தத்தால் தகடு வரத்து நின்றுபோக, மிஞ்சியது ஒன்றே ஒன்று. மேகமில்லாத ஓர் அமாவாசையில், ஊருக்குத் தள்ளியிருந்த ஒரு கரட்டில், அதாவது சிறு பாறைக் குன்றில், ஏறி, காமிராவை வடக்கே பார்த்து நிறுத்தி, மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார். கண் விழித்தபோது எதிரே லாந்தரோடு அந்த ஊர்க் கிராம முன்சீப். தூக்கக் கலக்கத்திலும் டாக்டர் முதலில் செய்தது, காமிராவை மூடியது. முன்சீப்பின் சந்தேகம் அங்கேயே உறுதியாயிற்று.

காலையில் காமிராவும் டாக்டரும் மகஜரோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். “கரட்டு மேல ஆளுன்னு கேட்டுப் போய்ப் பாத்தா, வானத்தப் பாத்துப் பொட்டியத் தொறந்து வெச்சுட்டுப் பாறை மேல ஒறங்குறாருங்க எசமான். நல்ல மனுசன் ஊட்டுலதானுங்களே ஒறங்குவான்?” என்றார் முன்சீப். ஜப்பான்காரன் விமானத்துக்கு வெளிச்சம் காட்டியதாகக் குற்றச்சாட்டு. முன்சீப்பின் வாக்குமூலத்தை நான் எழுதினேன். பெட்டியைத் திறந்து உள்ளிருப்பதை விவரித்து எழுதும்படி தாசில்தார் உத்தரவிட்டார். ஒற்றன் என்றபோது சிரித்துக்கொண்டிருந்த டாக்டர் அப்போதுதான் எழுந்தார்.

“என்னை வேணும்னா தொறந்து பாருங்க. அதைத் தொறக்காதீங்க. வெளிச்சம் பட்டா நான் எடுத்தது வானம்னு சொல்ல ஒரு நாதியும் இருக்காது.”

வேலையும் போகும், வானமும் போகும். அவர் முகத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. திறந்தால் கெட்டுப்போகும் பொருளை அத்துறை அறிந்தவரைக் கொண்டே திறக்க வேண்டும் என்று நான் குறிப்பு எழுதித் தாசில்தார் முன் வைத்தேன்.

“இந்தத் தாலுகாவில் அறிந்தவர் யார்?”

“ஒருத்தர்தாங்க. எதிரே நிக்கிறார்.”

“குற்றவாளியே நிபுணரா?”

“கூடாதுன்னு விதியில இல்லீங்க.”

தாசில்தார் விதிப்புத்தகத்தை நெடுநேரம் புரட்டிவிட்டுக் கையெழுத்திட்டார்.

தகட்டை மருந்தில் கழுவ ரிகார்டு அறைக்குள் போனோம்; அது இயல்பாகவே இருட்டு. விளக்குக்குச் சிவப்புத் துணி சுற்றினோம். “இருட்டுல நான் எதைங்க சாட்சி பாக்குறது?” என்று முன்சீப் கேட்டார். பாத்திரத்து நீரைக் கேட்டுக்கொண்டிருங்கள் என்றார் டாக்டர். கழுவிய தகட்டை ஜன்னலில் பிடித்தபோது நட்சத்திரங்கள் கோடு பிசகாமல் வளைந்திருந்தன. டாக்டர் மூக்கை உறிஞ்சினார். மருந்து நெடி என்றார். பிறகு எல்லோரும் கீழ்க்கோட்டைப் பார்த்தோம். அது கரட்டடியில் புறப்பட்டு ஓரிடத்தில் திட்டாக நின்று, மேலே போய், மறுபடி நின்று, வந்த வழியே பாதிதூரம் இறங்கி, பின் திரும்பவும் ஏறியிருந்தது.

“அது என்னோட லாந்தருங்க,” என்றார் முன்சீப், மெதுவாக. அன்றிரவு கரட்டில் தென்பட்ட ஒரே வெளிச்சம் கிராம முன்சீப்புடையது என்று எழுதித் தாசில்தார் கோப்பை முடித்தார்.

வாக்குமூலத்திலோ ‘சற்றும் தயங்காமல் நேராக ஏறிச் சென்றேன்’ என்றிருந்தது. அது முன்சீப் சொன்னதல்ல. என் உத்தியோக காலம் முழுவதும் எல்லோர் வாக்குமூலத்திலும் நான் எழுதிய வரி அது. அவர் என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. “தொணைக்கு வர வேண்டிய தலையாரி காச்சல்னு படுத்துக்கிட்டானுங்க. பயந்துதானுங்க எறங்குனேன். அப்பறம், நானும் போவாட்டி வேற ஆரு போவான்னு திரும்புனேனுங்க.”

மாற்றலாகிப் போகும்போது டாக்டர் தகட்டை என்னிடம் தந்தார். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாதென்பதால் இரவலாகப் பெற்றுக்கொண்டேன். அவர் இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை. அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். நட்சத்திரங்கள் தத்தம் பாதையில் ஒழுங்காகப் போகின்றன. அவற்றுக்கு வேறு வழியில்லை. என் விரல் போய் நிற்பது கீழே, இறங்கிய கோடு திரும்பும் அந்த இடத்தில்.